தண்ணீர் எங்கே நின்றது?

வாசகர் கேள்விகளும் ஓய்வுபெற்ற போதகர் ஒருவரின் பதில்களும்

கேள்வி: ஐயா, எனக்கு 44 வயது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒரே காரியம்தான் முன்னால் வந்து நிற்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால், வாய்க்கால் கரையோரக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் சாயங்காலத்தில் சும்மா திரிகிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பாடமும் வேதக்கதையும் சொல்லிக்கொடு என்று உள்ளே ஓர் ஏவுதல். அர்ப்பணிப்புக் கூட்டங்களில் கண்ணீரோடு கை உயர்த்தி ஒப்புக்கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மனசு முரண்டு பிடிக்கிறது. நேரமில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது ஒரு காரணம். நான் வணங்காக் கழுத்துள்ளவளா? இந்த எதிர்ப்பை எப்படி உடைப்பது? (2012-இல் சபையில் ஓய்வுநாள் பள்ளியை நான்தான் நடத்தினேன். காணிக்கைக் கணக்கில் சந்தேகம் என்று சிலர் பேசியதால் விட்டுவிட்டேன். அது இதற்குச் சம்பந்தமில்லை.)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடைசியில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, "அது இதற்குச் சம்பந்தமில்லை" என்று, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நீங்கள் எழுதிய ஒரு சொல்லைப் பார்ப்போம். எதிர்ப்பை "உடைப்பது" எப்படி என்று கேட்கிறீர்கள். நீங்களும் டெல்டாக்காரர். நம் பக்கம் "உடைப்பு" என்று யாராவது ராத்திரியில் குரல் கொடுத்தால் என்ன நடக்கும்? மண் மூட்டை, சவுக்குக் கட்டை, தென்னங்கீற்று என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடும். கரை உடைந்தாலும் தண்ணீர் வேகமாகத்தான் பாயும். ஆனால் வயலுக்கு முறையாகப் போய்ச் சேராது, நட்ட பயிரையும் அடித்துக்கொண்டு போய்விடும். கூட்டங்களில் நம் மனதை அப்படி உடைத்துவிடுகிறவர்கள் உண்டு. இசையும் கண்ணீரும் அழைப்புமாக ஒரு வேகம் வருகிறது, நாமும் கை உயர்த்திவிடுகிறோம். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் குடியிருப்புக்கு நடந்து போக அது போதவில்லை, அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்கிறேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தார். வெண்ணாற்றுப் பாசனத்தில் மதகும் ஷட்டரும் பார்க்கிற வேலை. மழைக்காலத்தில் குடை, டார்ச், மண்வெட்டியோடு கரையிலேயே கிடப்பார். நான் படித்துப் போதகரானேன். ஒரு நகரத்துச் சபையில் ஐந்து வருடம் இருந்தபோது அங்கே ஆலயக் கட்டடம் ஒன்றை ஆரம்பித்தோம். வசூலுக்கு வீடு வீடாக நான்தான் ஏறி இறங்கினேன். சுவர் தளமட்டத்துக்கு வந்த சமயத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. வேதாரண்யம் போகிற பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடையில் ஒரு சின்ன சபை. முப்பது குடும்பம் இருந்தால் அதிகம்.

போனேன். பிரசங்கத்தில் ஆபிரகாமைப் பற்றிப் பேசினேன், "போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப் போனான்" என்று. ஆனால் திரும்பி வருவதற்கான விண்ணப்பத்தை எழுதி டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். எட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு நாள் காலையிலும் "ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்று முழங்காலில் நின்று சொல்வேன். எழுந்திருக்கும்போது நெஞ்சில் அதே கல் இருக்கும். என் மனைவியிடம் அந்த ஊர்த் தண்ணீர் உப்பு என்றேன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சரியில்லை என்றேன். எல்லாமே உண்மைதான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது அவற்றில் எதுவுமே இல்லை.

அந்த வருடம் புரட்டாசியில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். ஓய்வுபெற்றுவிட்டார், இருந்தாலும் வாய்க்காலைக் கண்டால் கால் நிற்காது. எங்கள் சபைக்காரர் ஒருவர், மூன்று மா நிலம் (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) வைத்திருந்தவர், வெடித்துக் கிடந்த வயலில் நின்று அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, அவருடைய வயலுக்கு வரவில்லை. வயலுக்கு நேரே இருந்த மடையை இரண்டு நாளாக வெட்டிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து அந்த மடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னார்: "இங்க என்னத்தடா பாக்குறீங்க? தண்ணி இங்கயா நின்னுச்சு? எங்க நின்னுச்சோ அங்க போய்ப் பாக்கணும். மேல நட."

மேலே நடந்தோம். வயல் பக்கத்துச் சின்ன டி வாய்க்காலிலிருந்து அதற்குத் தண்ணீர் தருகிற சி வாய்க்காலுக்கு ஏறி, இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் பூவரசங்கிளை ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. அதில் வெங்காயத்தாமரை வந்து சேர்ந்து, அதன்மேல் வண்டல் படிந்து, மெத்தைபோல் அடைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சையாக, அழகாகக்கூட இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு பேர் கூட இழுத்தார்கள். தண்ணீர் உடனே பாய்ந்து வந்துவிடவில்லை. நாங்கள் திரும்பி நடந்து, வீட்டில் காப்பி குடித்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் அந்த வெடிப்புகளில் ஈரம் கசிந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் முரண்டு நின்ற இடத்தை விட்டுவிட்டு, அது வந்த வழியில் மேலே நடந்து பார்த்தேன். உப்புத் தண்ணீரா? இல்லை. பள்ளிக்கூடமா? இல்லை. கடைமடை என்கிற அவமானமா? கொஞ்சம் அதுவும் உண்டு, ஆனால் அதற்கும் மேலே ஏதோ இருந்தது. மூன்று ராத்திரி ஆயிற்று எனக்கு. மூன்றாம் ராத்திரி அது அகப்பட்டது. பாதியில் விட்டுவந்த அந்த ஆலயத்தின் கல்வெட்டு. பிரதிஷ்டைக்கு வைக்கும் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று ஒரு நோட்டில் நான் ஏற்கெனவே எழுதிப் பார்த்திருந்தேன். மூன்றாவது வரியில் என் பெயர். இனி அந்த வரியில் எனக்கு அடுத்து வந்தவரின் பெயர் இருக்கும். கிளை விழுந்தது அங்கேதான். அதன்மேல்தான் மற்ற எல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

அதை என் மனைவியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடியற்காலையில் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஆண்டவரிடம் சொன்னேன். ஒப்புக்கொடுக்கிறேன் என்று அன்று நான் சொல்லவில்லை. "ஆண்டவரே, என் பெயர் அந்தக் கல்லில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே இருக்க எனக்கு விருப்பமில்லை. விருப்பம் என்று ஒன்று வர வேண்டுமானால் அதை நீர்தான் உண்டாக்க வேண்டும்" என்றேன். எட்டு மாதத்தில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அது என்று நினைக்கிறேன்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை (2:13) அதற்கு முன் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன்: "தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்." செய்கையை மட்டுமல்ல, விருப்பத்தையும். அந்தச் சொல்லை நான் கவனித்ததே இல்லை. விருப்பத்தை நாம் தயாரித்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் நம்மை நடத்துவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீதிமொழிகள் 21:1-ஐயும் பாருங்கள்: "ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது, அதைத் தமது சித்தத்தின்படி அவர் திருப்புகிறார்." வாய்க்கால் தன்னைத்தானே திருப்பிக்கொள்வதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மண்வெட்டி பிடித்தவர் வேறொருவர். ஒரு ராஜாவின் மனதையே திருப்புகிறவருக்கு ஒரு டீச்சரின் மனதைத் திருப்ப முடியாதா, அம்மா?

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

அது சம்பந்தமில்லாத விஷயமாக இருந்தால் நீங்கள் அதை எழுதியிருக்கவே மாட்டீர்கள். வருடத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்ணை, அதுவும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சரை, காணிக்கைக் காசில் கை வைத்தாள் என்று முணுமுணுப்பது சின்ன அடி இல்லை. யாரும் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள், "தப்பாகப் பேசிவிட்டோம்" என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்களே. நீங்கள் ஒதுங்கி வந்துவிட்டீர்கள். அதன்பின் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்வது என்ற நினைப்பு வந்தாலே உங்கள் உள்ளம் கதவைச் சாத்துகிறது. அது தேவனுக்கு விரோதமான முரட்டாட்டம் என்று எனக்குப் படவில்லை. சுட்ட இடத்தில் மறுபடி கை வைக்க மனசு பயப்படுகிறது. வணங்காக் கழுத்து என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து 2012-இல் நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில், உங்களுக்கு எப்படி இருந்தது, எல்லாவற்றையும். மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். எழுதியதைச் சத்தமாக ஆண்டவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கோபம் வந்தால் வரட்டும், சங்கீதக்காரர்கள் படாத கோபமா? வாசித்து முடித்ததும், "அந்தக் குடியிருப்புக்குப் போக எனக்கு மனசில்லை" என்பதையும் அப்படியே சொல்லுங்கள். இரண்டு குமாரரின் உவமை மத்தேயு 21-இல் இருக்கிறதே. "போகிறேன் ஐயா" என்று சொல்லிப் போகாமல் இருந்தவனைவிட, "மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனவனே தகப்பனின் சித்தத்தைச் செய்தான். கூட்டத்தில் நீங்களும் நானும் முதலில் "போகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டோம். "மாட்டேன்" என்று சொல்லப் பயப்படாதீர்கள். அவரிடம் சொன்ன "மாட்டேன்" அவர் கையில் இருக்கிறது, உள்ளே புதைத்த "மாட்டேன்" வண்டலாகப் படிகிறது.

மோசேயைப் பாருங்கள். எரிகிற முட்செடிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சாக்குச் சொன்னார். நான் எம்மாத்திரம் என்றார், நம்பமாட்டார்கள் என்றார், திக்குவாய் என்றார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகும், "நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்" என்றார். கர்த்தருக்குக் கோபம் வந்தது என்றே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்திலும் அவர் கொடுத்தது ஆரோனை. துணைக்கு ஒரு ஆள். இதை நீங்களும் கேட்கலாம். தனியாகப் போக வேண்டாம். உங்களை நம்புகிற ஒரே ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். இரண்டு பிள்ளைகள் வந்தாலும் போதும். சபையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டாம், பேனர் வேண்டாம். பிஸ்கட் வாங்கக் காசு யாராவது கொடுத்தால் ஒரு நோட்டுப் போட்டு, வரவும் செலவும் எழுதி, உங்களோடு அந்தப் பெண்மணியும் கையெழுத்துப் போடட்டும். உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் என்று இதைச் சொல்லவில்லை. அந்தப் பழைய பயம் ராத்திரியில் எழுந்து வந்தால், அதன் முன்னால் எடுத்துக் காட்ட உங்கள் கையில் ஒன்று வேண்டும்.

முதல் செவ்வாய்க்கிழமை மகிழ்ச்சியாகப் போவீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் அப்படி நடக்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்த விண்ணப்பத்தைக் கிழித்தது அதற்கும் பல வாரங்கள் கழித்துத்தான். அடுத்த வருடம் அந்த நகரத்து ஆலயப் பிரதிஷ்டைக்குப் போனேன். ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கல்லைத் திறந்தபோது வலித்தது. வலித்தபடியே எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். கடைமடைச் சபையில் ஏழு வருடம் இருந்தேன். அங்கிருந்து கிளம்பும்போது பஸ் ஏறும்வரை அழுதேன்.

கேள்வி: ஐயா, மயிலாடுதுறை பக்கம் எனக்கு ஊர். வயது 23. டிப்ளமோ முடித்துவிட்டு டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், நான் முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று கர்த்தர் அவருக்குக் காட்டியதாகவும், எதிர்த்து நின்றால் "முள்ளில் உதைக்கிற" கதிதான் என்றும் சொன்னார். அம்மா அன்றிலிருந்து அழுகிறார்கள். எனக்கு அந்த ஏவுதல் இல்லை. நான் தேவனை எதிர்க்கிறேனா?

பதில்: தம்பி, அந்த முள் கருவேலமுள் இல்லை. ஏர் ஓட்டுகிறவர் கையில் தார்க்குச்சி இருக்குமே, அதன் முனையில் ஒரு ஆணி. மாடு பின்னங்காலால் உதைத்தால் அந்த ஆணி காலிலேயே குத்தும். டிராக்டர் வந்தபின் பிறந்தவர் நீங்கள், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். அந்த வசனத்தில் (அப்போஸ்தலர் 26:14) ஒன்றைக் கவனியுங்கள். குச்சி பிடித்திருப்பவர் இயேசு. தமஸ்கு வழியில் அவரே சவுலை, பின்னாளில் பவுலானவரை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறார். பிறகு கர்த்தர் அனுப்பி அனனியா என்ற சீஷர் சவுலிடம் வருகிறார், உண்மை. ஆனால் அதற்கு முன்பே கர்த்தர் சவுலோடு நேரில் பேசிவிட்டார், அனனியா வரப்போவதையும் தரிசனத்தில் காட்டிவிட்டார். உங்களோடு பேசாமல் உங்களைப் பற்றி இன்னொருவரிடம் மட்டும் பேசிவிட்டு, நீங்கள் கேட்கவில்லை என்று அடிக்கிறவர் அல்ல நம் ஆண்டவர்.

1 இராஜாக்கள் 13-ஐ இந்த வாரம் வாசியுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அந்த ஊரில் அப்பம் புசியாமலும் தண்ணீர் குடியாமலும் திரும்ப வேண்டும் என்று கட்டளை. அங்கே இருந்த கிழவனான தீர்க்கதரிசி ஒருவர், "நானும் தீர்க்கதரிசிதான், தூதன் என்னிடம் சொன்னான்" என்று அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டார். அது பொய் என்று வேதமே சொல்கிறது. திரும்புகிற வழியில் சிங்கம் அடித்துச் செத்துப்போனவர், அந்தச் சொல்லை நம்பி நடந்தவர். எனக்கு மிகவும் பயம் தருகிற அதிகாரம் அது, ஏனென்றால் நானும் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவன். உங்களிடம் பேசியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொல்லைச் சோதித்துப் பார்க்க வேண்டியது உங்கள் கடமை. அதைத் தேவனை எதிர்ப்பது என்று யாரும் பெயரிட முடியாது.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கம் ஸ்வார்ட்ஸ் ஐயரின் ஆலயம் இருக்கிறது, போயிருக்கிறீர்களா? 1750-இல் மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, 1798-இல் தஞ்சாவூரில் கண்மூடியவர். 1779-இல் சென்னையிலிருந்த ஆங்கிலேய அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது போகச் சொல்லிக் கேட்டது. அவர் உடனே சரி சொல்லவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டார். தீமையைத் தடுக்கவும் நாட்டுக்கு நன்மை செய்யவும் இதில் வழி இருக்குமோ என்று நிதானித்த பிறகுதான் ஸ்ரீரங்கப்பட்டணம் புறப்பட்டார். அவ்வளவு பெரிய தேவமனிதர் அவகாசம் கேட்டிருக்கிறார், நீங்களும் கேளுங்கள். அந்த ஊழியரிடம் மரியாதையாக, "ஐயா, நான் ஜெபித்துப் பார்க்க நாள் வேண்டும்" என்று சொல்லுங்கள். அவர் அதற்குக் கோபப்பட்டால் அதிலிருந்தும் உங்களுக்கு ஒன்று தெரியவரும்.

அம்மாவிடம் யாத்திராகமம் 31-ஐ வாசித்துக் காட்டுங்கள். பெசலெயேல் என்பவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்கிறார். எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, இரத்தினம் பதிக்க, மரம் செதுக்க. பிரசங்கம் பண்ண அல்ல. தை மாதம் அறுவடை நேரத்தில், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு விவசாயிக்கு நின்றுபோன இயந்திரத்தை ராத்திரி பத்து மணிக்கு ஓடவைத்துக் கொடுத்திருப்பீர்களே, அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பயம் அடங்கிய பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், "ஆண்டவரே, நீர் சொன்னால் போகிறேன்" என்று மட்டும் ஒருமுறை சொல்லி வையுங்கள். சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி: என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துக்கொள், சுயம் சாகட்டும், இதுதான் உன் சிலுவை என்கிறார்கள் சபையில். அம்மா வீட்டுக்குப் போக நினைப்பது தேவ சித்தத்துக்கு எதிர்த்து நிற்பதா? (ஊர் எழுத விரும்பவில்லை.)

பதில்: இல்லை, மகளே. போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது இயேசு அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார். கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டார். தமஸ்குவில் கொல்லக் காத்திருந்தபோது பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள், அவரும் இறங்கிப் போனார். தமது வேளை வந்தபோது இயேசு தாமே தம்மை ஒப்புக்கொடுத்தார். குடிவெறியில் இருக்கிறவன் கைக்கு உடம்பைக் கொடுப்பதை அதோடு சேர்த்துப் பேசுவதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். அப்படிச் சொல்கிறவர் என் சக போதகராக இருந்தாலும் தவறு என்றே சொல்வேன்.

181 என்பது பெண்களுக்கான உதவி எண். எந்த நேரத்திலும் பேசலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் வந்த சட்டம் இருக்கிறது. அதன்படி உங்கள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒரு வீட்டில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். மன்னிப்பைப் பற்றிய கேள்விகள் பிறகு வரட்டும், பத்திரமாக இருக்கிற இடத்திலிருந்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, திருக்காட்டுப்பள்ளி பக்கம் விவசாயி, 61 வயது. பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வர வேண்டிய ஒரு மா நிலத்துக்காகத் தம்பியோடு ஒன்பது வருடம் பேச்சில்லை. ஆண்டவர் திரும்பத் திரும்ப உணர்த்தியதால் போன சித்திரையில் விட்டுக்கொடுத்துவிட்டேன். சமாதானம் வரும் என்றார்கள். வரவில்லை. அந்த வயலைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நான் முழுமனதோடு ஒப்புக்கொடுக்கவில்லையா?

பதில்: ஐயா, வாய்க்கால் பாய்கிற ஒரு மா நிலம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதைக் கொடுத்துவிட்டு ஒன்றுமே தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்களானால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கெத்செமனேயில் ஆண்டவர் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்தார். ஒரு தடவை சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடவில்லை. மூன்றாந்தரமும் போய் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு எழுதுகிறார். வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்ததை லூக்கா எழுதுகிறார். அவர் அரைமனதோடு ஒப்புக்கொடுத்தார் என்று யாராவது சொல்வார்களா? ஒரு தடவை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டீர்கள், மனசு அதில் தினமும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. வயலைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும்.

அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறவராக இருந்தால், அதை விட்டுவிட்டு அந்த வரப்பு வழியாகவே போங்கள். தம்பி இந்த வருடம் சம்பா போட்டிருப்பார். ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்களுக்குப் பயிர் பார்க்கத் தெரியும். சிம்பு நன்றாக விட்டிருக்கிறதா, பூச்சி இருக்கிறதா, தண்ணீர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இலைச்சுருட்டுப் புழு தெரிந்தால் தம்பியிடம் ஆள் விட்டாவது சொல்லி அனுப்புங்கள். அப்புறம் அந்தப் பயிருக்காக ஜெபியுங்கள். முதல் நாள் வாய் வராது. "ஆண்டவரே, இந்த நெல்லு" என்று மட்டுமாவது சொல்லிவிட்டு நடங்கள்.